அவரைப் பிடிக்கும், சரி. அவர் பார்க்கிற வேலை பிடிக்குமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளிடம் மைக்கை நீட்டி "அடுத்து என்ன ஆகப் போறீங்க?" என்று கேட்பார்கள். "கலெக்டர் ஆகி மக்களுக்குச் சேவை செய்யணும்" என்று ஒரு பிள்ளை சொல்லும், "டாக்டர் ஆகி ஏழைகளுக்கு இலவசமா வைத்தியம் பார்க்கணும்" என்று இன்னொரு பிள்ளை சொல்லும். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பதிலுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பதினேழு வயதில் அவற்றைப் பிரித்துப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை, முப்பது வயதுக்குப் பிறகும் பிரித்துப் பார்க்காமலே ஓடிக்கொண்டிருப்பவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒன்று, ஒருவரைப் பார்த்து வியப்பது. இன்னொன்று, நமக்கென்று ஒரு விருப்பம் இருப்பது. ஒருவர் செய்ததைப் பார்த்து "அடேயப்பா, எப்படிச் செய்திருக்கிறார்!" என்று மனம் நிறைகிறதே, அது வியப்பு. "இதை நான் செய்து பார்க்கணும்" என்று கை துறுதுறுக்கிறதே, அது விருப்பம். முதலாவதில் நம் கண் அந்த ஆளின் மேல் இருக்கிறது, இரண்டாவதில் அவர் செய்கிற வேலையின் மேல் இருக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே நெஞ்சில், ஒரே மாதிரியான படபடப்போடு வருவதால் எது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வியப்போடு நின்றுவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் எந்த இடத்தில் திரும்புகிறது என்று ரசித்து ரசித்துச் சொல்கிற ஒருவர் வாழ்நாள் முழுக்க ரசிகராகவே இருக்கலாம், அவர் ஒரு கீபோர்டு கூட வாங்க வேண்டியதில்லை. ஒரு குழந்தை எதையாவது ஆசையாகப் பார்த்தால் போதும், உடனே "கிளாஸ்ல சேர்த்து விட்டுடுவோமா" என்று கிளம்பிவிடுகிறோம். பார்த்து மகிழ்வதும் ஒரு முழுமையான காரியம்தான். வியப்பை விருப்பம் என்று நினைத்துக்கொண்டு அதன் பின்னால் வருடக்கணக்கில் போகும்போதுதான் சிக்கல் வருகிறது.

கலெக்டரையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வருகிறார். கார் நின்றதும் வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் போட்ட டபேதார் இறங்கிக் கதவைத் திறக்கிறார். பிள்ளைகளை நடுங்க வைக்கிற ஹெட்மாஸ்டர் கைகட்டி நிற்கிறார். கலெக்டர் மேடையேறி "நானும் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவன்தான்" என்கிறார். அந்த ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையின் மனதில் எவ்வளவு பெரிய கதவைத் திறக்கும் என்பதைக் குறைத்து மதிப்பிடவே முடியாது. அதிலும், ஒரு சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் அப்பா பாதி நாள் நின்றதைக் கூட நின்று பார்த்த பிள்ளை என்றால், அந்தக் கைகட்டி நிற்கிற காட்சிக்கு அர்த்தமே வேறு. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மரியாதை, நம்மையும் ஒரு ஆளாக மதிக்கணும் என்கிற நியாயமான ஏக்கம். அது உண்மையானது. ஆனால் அது கலெக்டர் வேலையின் மேல் வந்த விருப்பமா என்று இன்னும் தெரியாது.

அதே கலெக்டரைத் திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் கலெக்டர் ஆபீஸ்களில் திங்கட்கிழமைதான் மக்கள் குறைதீர் கூட்டம், ஊரில் மனுநாள் என்பார்கள். வாசலில் போலீசார் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்க்கிறார்கள், யாராவது மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்து தீக்குளிக்க முயன்றுவிடக் கூடாதே என்பதற்காக. உள்ளே வரிசை. பட்டா மாற்றித் தரவில்லை, முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது, பொதுப் பாதையில் வேலி போட்டுவிட்டார்கள், சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட மகன் சோறு போடுவதில்லை. இதே மனுவோடு போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் வந்தவர்கள் அந்த வரிசையில் இருப்பார்கள், கையில் பழைய மனுக்களின் ஜெராக்ஸ் மடித்து மடித்துக் கிழிந்துபோயிருக்கும். கலெக்டர் வாங்கிப் படிக்கிறார், பக்கத்தில் இருக்கும் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்கிறார், குறிப்பு எழுதுகிறார், அடுத்தவர். அது முடிந்தால் ஆய்வுக் கூட்டம், கோப்புகள், நீதிமன்ற வழக்குகள். மழை பெய்தால் ஏரிக்கரை. எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்த நேரத்தில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்.

இதைக் கேட்டதும் ஒரு பிள்ளைக்கு "அந்தப் பாட்டிக்கு உதவித்தொகை ஏன் நின்றுச்சு? எந்த டேபிளில் நிற்குது? அதை எப்படிச் சரி பண்ணுவாங்க?" என்று கேள்வி மேல் கேள்வியாக வந்தால், அங்கே சொந்த விருப்பத்தின் முளை தெரிகிறது. இன்னொரு பிள்ளைக்கு "ஓ, இதையெல்லாம் தாண்டித்தான் அந்த மேடையா" என்று சற்றே அலுப்பாக இருந்தால், அதற்கு இருப்பது வியப்பு. இரண்டாவது பிள்ளை எந்த விதத்திலும் மட்டமில்லை, அதற்கான வேலை வேறு எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லா வேலைக்கும் இப்படி ஒரு திங்கட்கிழமை உண்டு. சினிமா டைரக்டர் ஆகணும் என்பவர், ஒரு காட்சியின் வெளிச்சம் சரியாக அமையும் வரை வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருப்பதையும் டப்பிங் தியேட்டரில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே யாரையாவது பார்த்து "நானும் இப்படி ஆகணும்" என்று தோன்றினால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, அவருடைய பாராட்டு விழா எனக்கு வேணுமா என்பதல்ல, அவருடைய திங்கட்கிழமை எனக்கு வேணுமா என்பதுதான். அப்புறம் இன்னொன்றும் கேட்கலாம்: நான் இதைச் செய்கிறேன் என்று யாருக்குமே தெரியாது, ஸ்டேட்டஸில் போட முடியாது, சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்லவும் முடியாது என்றால், அப்போதும் செய்வேனா?

சரி, சொந்த விருப்பம் என்றால் யாரையும் பார்க்காமல், எதன் பாதிப்பும் இல்லாமல், தானாக உள்ளே ஊறி வருவதா? இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். அப்படி வரும் விருப்பம் அபூர்வம். ரெனே ஜிரார் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் 1961இலேயே ஒரு கருத்தை முன்வைத்தார்: மனிதர்கள் எதை விரும்ப வேண்டும் என்பதையே மற்றவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அவர் சொன்னதை முழுசாக ஏற்கிறோமோ இல்லையோ, தொடக்கம் பெரும்பாலும் இன்னொருவரிடமிருந்துதான் வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வந்த பிறகு அது எங்கே போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதற்கு நான் பார்த்தவற்றில் மிகத் தெளிவான உதாரணம் சென்னை செஸ் வீரர் குகேஷ். 2013 நவம்பரில் சென்னை ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் உலக செஸ் சாம்பியன்ஷிப் போட்டி, விஸ்வநாதன் ஆனந்தும் மேக்னஸ் கார்ல்சனும் மோதினார்கள். கண்ணாடித் தடுப்புக்குள் அவர்கள் ஆட, பார்வையாளர்கள் வெளியே இருந்து பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் குகேஷும் இருந்தான், அப்போது ஏழு வயது, செஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததே அந்த வருடம்தான். அந்தக் கண்ணாடிக்கு உள்ளே ஒரு நாள் உட்கார வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இதில் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஒன்று உண்டு: அந்தப் போட்டியில் ஆனந்த் தோற்றார். ஆறரைக்கு மூன்றரை. தன் ஊரிலேயே, தன் ஊர்க்காரர்கள் முன்னால் பட்டத்தை இழந்தார். வெறும் வியப்பாக இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஏமாற்றம் மட்டும்தான், நம் ஹீரோ தோற்றுவிட்டார், வா வீட்டுக்குப் போகலாம் என்று முடிந்திருக்கும். அவனுக்கோ, போன பட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்திருக்கிறது. ஹீரோ தோற்ற இடத்தில் ஒரு விருப்பம் வளர்கிறது என்றால் அது ஹீரோவை மட்டும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் டிவியில் காட்டவில்லை. சிறுவர் செஸ் போட்டி நடக்கும் மண்டபத்துக்குப் போயிருந்தால் தெரியும். உள்ளே பிள்ளைகள் மணிக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதிக்கொண்டே ஆடுவார்கள். வெளியே படிக்கட்டில் அப்பா அம்மாக்கள் தண்ணீர் பாட்டிலோடு காத்திருப்பார்கள். தோற்றுவிட்டு அழுதுகொண்டே வருகிற பிள்ளை, கொஞ்ச நேரத்தில் அதே ஆட்டத்தைத் திரும்ப அடுக்கி எங்கே தப்பு என்று பார்க்க வேண்டும். ஆனந்தைப் பார்த்து செஸ் கிளாஸில் சேர்ந்த எத்தனையோ பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கடைசி வேலைதான். தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பதில் ஒரு சுவை கண்ட பிள்ளை தங்கிவிடுகிறது, கோப்பை மட்டும் வேண்டியிருந்த பிள்ளை ஒன்றிரண்டு வருடத்தில் நின்றுவிடுகிறது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப் போட்டியின் பதினாலாவது ஆட்டம். அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரன் ஒரு தவறு செய்தார், குகேஷ் ஜெயித்தார், பதினெட்டு வயதில் உலக சாம்பியன். அழுதார். பிறகு அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் அவற்றின் ஆரம்ப இடத்தில் அடுக்கி வைத்தார். உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அவர் கை காய்களைத்தான் தேடிப் போனது. ஒருவருக்கு வேலையின் மேல் இருக்கிற பிரியம் எப்படி இருக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்த வீடியோவைத்தான் காட்டுவேன்.

இன்னொரு வித்தியாசத்தை அப்துல் கலாமின் வாழ்க்கையில் பார்க்கலாம். ராமேஸ்வரத்தில் படிக்கும்போது சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று விளக்கியதோடு நிற்காமல் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார், பறத்தல் என்கிற ஆசை அங்கே ஆரம்பித்ததாகக் கலாம் எழுதியிருக்கிறார். வளர்ந்து பைலட் ஆக நினைத்து விமானப் படைத் தேர்வுக்காக டேராடூன் போனார். எடுக்கப்போவது எட்டுப் பேர், இவர் ஒன்பதாவது. மனம் உடைந்துபோனார், அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்குப் பிடித்தது பைலட்டின் சீருடையாக மட்டும் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிடித்தது பறத்தல் என்பதால் அதற்குள் நுழைய வேறு வழிகள் இருந்தன, ராக்கெட் பக்கம் போனார். 2006இல், குடியரசுத் தலைவராக, எழுபத்து நாலு வயதில், புனேயிலிருந்து சுகோய் போர் விமானத்தில் பறந்தும் பார்த்தார். நாம் ஒருவரை மட்டும் வியக்கும்போது நமக்கு வேண்டியது அவருடைய நாற்காலி, அது ஒன்றுதான் இருக்கும், கிடைக்காவிட்டால் கிடைக்காததுதான். வேலையை விரும்பும்போது அதற்குள் போகப் பல வாசல்கள் தெரிகின்றன.

நம் வீடுகளில் ஒருவரைப் பாராட்டும்போது கூடவே இன்னொரு வாக்கியமும் வரும்: "அவங்கல்லாம் பிறவியிலேயே அப்படிப்பா, நமக்கெல்லாம் வராது." இந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன், ஏனென்றால் பணிவு மாதிரி இருந்துகொண்டு அது கதவைச் சாத்திவிடுகிறது. நெதர்லாந்தில் நீல்ஸ் ஃபான் டி ஃபென் என்பவரும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் கண்டார்கள்: மற்றவரைப் பார்த்து வெறுமனே வியந்தவர்கள் அதனால் அதிகம் முயற்சி செய்யவில்லை, "எனக்கும் இது வேணும்" என்று கொஞ்சம் உறுத்தல் ஏற்பட்டவர்கள்தான் கூடுதலாக முயன்றார்கள். அதிலும், நம்மால் எட்ட முடியாது என்று தோன்றும்போது வியப்பும், எட்டலாம் என்று தோன்றும்போது அந்த உறுத்தலும் வருகிறது. அடுத்தவர் கெட்டுப்போகணும் என்கிற வயிற்றெரிச்சலைச் சொல்லவில்லை, அது வேறு. அவரிடம் இருப்பது அவரிடமே இருக்கட்டும், எனக்கும் வேணும் என்கிற அந்த இதமான பொறாமை வந்தால் வெட்கப்பட வேண்டாம். எந்த விஷயத்தில் அது வருகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ரசித்துப் பாராட்டுவதை எல்லாம் விட அது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

கனடாவில் லாக்வுட், குண்டா என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் செய்த ஆய்வும் இதோடு சேர்கிறது. அக்கவுன்டிங் படிக்கும் மாணவர்களிடம், அதே துறையில் கடைசி வருடம் படிக்கும் ஒரு பிரமாதமான மாணவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். முதல் வருடத்தினருக்குத் தங்கள் மேல் நம்பிக்கை கூடியது. கடைசி வருடத்தினருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை, அவர்களுக்கு இனி அந்த அளவுக்கு வர நேரமில்லை. ஆகவே எட்டாத உயரத்தில் இருக்கும் ஒருவரைவிட, நமக்கு நாலைந்து வருடம் முன்னால் நடந்துகொண்டிருக்கும் ஒருவர், தெருவில் இருக்கும் ஒரு அக்கா, காலேஜ் சீனியர், அதிகம் உதவுவார். அவரிடம் திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று நேரடியாகக் கேட்கவும் முடியும்.

சொந்த விருப்பத்தை உட்கார்ந்து யோசித்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். கண்ணை மூடி "எனக்கு என்ன வேணும்" என்று கேட்டால் நேற்று பார்த்த ரீல்ஸில் இருந்தவர்தான் வந்து நிற்பார். ஷிகாகோ பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஆக்னஸ் காலார்ட் சொல்வது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது: ஒரு விஷயத்தின் அருமை முழுசாகத் தெரிந்த பிறகு யாரும் அதை விரும்ப ஆரம்பிப்பதில்லை, அரைகுறையாகத் தெரிந்த நிலையில் உள்ளே போகிறோம், போகப் போகத்தான் அதை மதிக்கவே கற்றுக்கொள்கிறோம். கர்நாடக சங்கீதம் கேட்கத் தொடங்கியவர்களுக்கு இது தெரியும், முதல் சில மாதம் அது பிடித்திருக்கிறது என்றே சொல்ல முடியாது, பிடிக்கணும் என்ற ஆசை மட்டும் இருக்கும். அதனால் தொடக்கத்தில் தயக்கமும் அரைமனசும் இருந்தால் "இது என் விருப்பம் இல்லை போல" என்று ஓடிவிட வேண்டாம். கொஞ்ச நாள் செய்து பார்த்தால் அடுத்த கேள்வி, அடுத்த சின்ன வேலை என்று கை நீளுகிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் அந்தப் பிரபலத்தின் இன்டர்வியூவைப் பார்த்துத்தான் திரும்ப உற்சாகம் ஏற்ற வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

செய்து பார்ப்பதால் "இது நமக்கில்லை" என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதான். 1987இல் சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்கு வேகப்பந்து வீச்சாளராக வேண்டும் என்று ஒரு பதினாலு வயதுப் பையன் வந்தான். பயிற்சியாளர் டென்னிஸ் லில்லி பார்த்துவிட்டு, பேட்டிங்கில் கவனம் செலுத்து என்று அனுப்பிவிட்டார். பையன் பெயர் சச்சின் டெண்டுல்கர்.

நம் குடும்பங்களில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, அது நம் வியப்பும் இல்லை நம் விருப்பமும் இல்லை, வீட்டில் யாரோ ஒருவரின் நிறைவேறாத ஆசை. அப்பாவுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை, அதனால் மகள் டாக்டர். அந்த ஆசையில் அன்பு இருப்பதால் மறுத்துப் பேசுவது கஷ்டம். "அப்பா, உங்களுக்கு அந்தப் படிப்புல என்ன பிடிச்சிருந்துச்சு?" என்று உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், பல அப்பாக்கள் அதை முதல் முறையாக யோசிப்பார்கள். அப்புறம், எல்லோருக்கும் விருப்பத்தைத் தேடிப் போகிற வசதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன், தங்கை படிப்பு, உடம்பு சரியில்லாத அம்மா என்று இருப்பவர் முதலில் சம்பளம் வருகிற வேலையைத்தான் பிடிக்க வேண்டும், அதில் எந்தத் தோல்வியும் இல்லை. விருப்பத்தை வாரத்தில் இரண்டு மணி நேரமாவது உயிரோடு வைத்திருக்க முடிந்தால் போதும். அது பெரிய பதவியாக இருக்க வேண்டியதும் இல்லை, ஊரில் ஒரு நல்ல டிபன் கடை நடத்தணும், அதில் சாம்பார் என்றைக்கும் ஒரே ருசியில் இருக்கணும் என்பதும் முழு விருப்பம்தான்.

இதையெல்லாம் நான் எழுத முக்கியக் காரணம், சென்னை அண்ணா நகர் மாதிரி இடங்களில் விடுதி அறைகளில் தங்கி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள். பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை ஆறு முறை, ஓ.பி.சி. பிரிவுக்கு 35 வயது வரை ஒன்பது முறை, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது விதி. அதாவது இருபதுகளின் பெரும்பகுதி இதற்குள்ளேயே போய்விடலாம். நாலாவது முறை எழுதப் போகிறவரிடம் "விட்டுடு" என்றோ "விடாதே" என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இவ்வளவு வருடம் படித்ததில் தேர்வுக்கு அவசியமே இல்லாமல் எந்தப் பாடத்தை இழுத்துப் போட்டுப் படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வரலாறா, நீர்ப்பாசனமா, பஞ்சாயத்துச் சட்டமா, பொருளாதாரமா? ஒருவர் பஞ்சாயத்து நிதி எப்படி வருகிறது எப்படிச் செலவாகிறது என்று பாடத்திட்டத்தைத் தாண்டித் தேடிப் படித்திருந்தால், அந்த வேலை கலெக்டர் ஆபீஸில் மட்டும் இல்லை, ஊராட்சியில் இருக்கிறது, பத்திரிகையில் இருக்கிறது, கல்லூரியில் இருக்கிறது, கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்பதில் இருக்கிறது. தேர்வு எழுதிக்கொண்டே அதில் ஒன்றை இந்த மாதமே ஆரம்பிக்கலாம், அதற்கு வயது வரம்பு கிடையாது.